இருநூற்றுப் பதினான்கு குற்றாலிங்கங்கள்

என்னிடம் பயிற்சி பெற்றவர்கள் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். அவர்களில் ஒருவர்கூட வானொலியில் சேரவில்லை. இந்த இரண்டாவது தகவலை நான் எந்த நோட்டீஸிலும் போட்டதில்லை.

நிலையத்தின் பெயர் 'இளந்தென்றல் ஒலிபரப்பு மற்றும் பத்திரிகைப் பயிற்சி நிலையம்'. தென்காசியில் ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் அரிசி மண்டிக்கு மேல்மாடி. நிறுவனர், முதல்வர், ஆசிரியர், காலையில் பெருக்குகிறவர் எல்லாம் குற்றாலிங்கம் ஆகிய நானே. எழுபத்து மூன்றாம் வருஷம் ஆரம்பித்தேன். ஒரு ஜப்பான் டேப்ரிக்கார்டர், ஒரு மைக், பன்னிரண்டு ஸ்டூல், ஒரு கட்டு மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு 'பம்பாய், பாபநாசம், பத்தமடைப் பாய்' என்று சொல்ல வேண்டும். சுடர் ஆடக் கூடாது. ஆடினால் மைக்கில் காற்று அடிக்கும். இது உண்மையான பயிற்சிதான், நான் கதை விடவில்லை.

காலையில் செய்தி வாசிப்பு. சனிக்கிழமை பத்திரிகைக்குச் செய்தி எழுதுவது. சாயங்காலம் நேர்முக வர்ணனை. ஜன்னலோரம் மைக்கை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பதை அப்படியே வர்ணிக்க வேண்டும். 'இதோ வெள்ளை வேட்டி அணிந்த பெரியவர் ஒருவர், இருபுறமும் பார்த்தபடி, அடகுக் கடைக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார், நேயர்களே' என்று ஒருத்தன் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தான். மைக் வயர் மொட்டைமாடிக் குழாய் ஒலிபெருக்கியோடு சேர்ந்திருந்ததை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அந்தப் பெரியவர் அதற்கப்புறம் எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை.

என்னுடைய முறை எளிமையானது. முதலில் நான் ஒரு வரி சொல்லிப் பதிவு செய்வேன். அடுத்து மாணவன் அதே வரியைச் சொல்லிப் பதிவு செய்வான். இரண்டையும் போட்டுக் கேட்போம். நான் நீட்டிய இடத்தில் அவன் நீட்ட வேண்டும், நான் மூச்சு விட்ட இடத்தில் அவன் விட வேண்டும். 'லே', 'அங்கன', 'இங்கன' எல்லாம் செருப்போடு கீழேயே கிடக்க வேண்டும். டேப்பில் கேட்கிறது என் குரலா அவன் குரலா என்று எனக்கே குழப்பம் வருகிற அன்றைக்குச் சான்றிதழ். மூன்று மாதத்தில் எப்படிப்பட்ட ராயகிரிக்காரனையும் குற்றாலிங்கமாக்கிவிடுவேன். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஆள் சேர்ப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தேன். எழுபத்து நாலில் அம்மை போட்டுப் படுத்தபோது, இனி முடியாது என்று நினைத்து, 'இதுவே கடைசி வகுப்பு' என்று நோட்டீஸ் அடித்தேன். அதுவரை ஒன்பது பேர் வந்த இடத்தில் முப்பது பேர் வந்தார்கள். அம்மை இறங்கிவிட்டது. நோட்டீஸ் வாசகத்தை மட்டும் மாற்றவில்லை. அன்றிலிருந்து வருஷம் தவறாமல் எங்களுக்குக் கடைசி வகுப்புதான். செங்கோட்டை பஸ்களின் பின்பக்கமெல்லாம் என் கடைசி வகுப்பு ஒட்டியிருக்கும்.

எண்பத்திரண்டு ஆடியில் நானும் என் மனைவி வடிவாம்பாளும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். நல்ல சாரல். பேரருவிப் பக்கம் போவதற்குள்ளேயே நாலு திசையிலும் மைக். சிப்ஸ் கடையில் ஒன்று, எண்ணெய் தேய்க்கிற இடத்தில் ஒன்று, கைத்தறிக் கண்காட்சியில் ஒன்று, பஞ்சாயத்துக் கூண்டில் ஒன்று. நாலிலும் பேசியவர்கள் என் மாணவர்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கண்காட்சியில் பேசியது செண்பகவல்லி. பெண்பிள்ளை குரல் என்றே சொல்ல முடியாது, அவ்வளவு சுத்தமாக நான்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருத்தர் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். பஞ்சாயத்து மைக்கில் கிட்டு ஆரம்பித்தான். அவனும் நம் பையன்தான். "திருவேங்கடத்திலிருந்து வருகை தந்துள்ள சுடலைமாடன் அவர்களே, சுடலைமாடன் அவர்களே! தங்கள் துணைவியார் தங்களைக் காணாமல் கண்ணீருடன் இங்கே காத்திருக்கிறார்கள்." என்ன உச்சரிப்பு! காத்திருக்கிறார்கள் என்பதில் அந்த 'கா' எப்படி வர வேண்டுமோ அப்படி வந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொன்னான். ஏழாவது தடவை பக்கத்து ஆளிடம் கேட்டேன்.

"யாரந்த சுடலைமாடன்? இவ்வளவு கூப்பிட்டும் வர மாட்டேங்காரே?"

"நாந்தான்" என்றார் அவர், சிப்ஸை மென்றபடி.

"ஒங்களத்தான் கூப்பிடுதாங்க!"

"என்னையா?" என்றவர் வாயை மூடாமல் பார்த்தார். "காலையிலேருந்து ஒரே ஆளு கத்துதான் அண்ணாச்சி. சிப்ஸுங்கான், எண்ணெய்ங்கான், சேலைங்கான். எவன் காது குடுத்துக் கேப்பான்?"

அதற்குள் அவர் மனைவியே தேடிக் கண்டுபிடித்து வந்துவிட்டாள். அழுது வீங்கிய கண். வந்த வேகத்தில் சிப்ஸ் பொட்டலத்தைப் பிடுங்கி அதாலேயே அவர் முதுகில் நாலு போட்டாள். "ஆத்தோட போயிட்டியளோன்னு கெடந்து தவிக்கேன், இங்கன இருந்து தின்னுக்கிட்டிருக்கிய!" என்று கத்தினாள். நாலு மைக்கையும் மீறி அருவிக்கரை முழுக்க அவள் குரல்தான் கேட்டது. குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் குளிக்கவில்லை. எண்ணெயோடு உட்கார்ந்திருந்தேன். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் ஒரு மனுஷனுக்குக் காதில் ஏறவில்லை. அப்படியொரு குரலை ஒன்பது வருஷமாக, ஒவ்வொரு தொண்டையாகப் பிடித்து நான் ஊற்றியிருக்கிறேன். ஈரத் துண்டோடு வந்த வடிவாம்பாளிடம், "நிலையத்தை மூடப் போறேன்" என்றேன்.

"வருசா வருசம் மூடுதியளே, அதுவா?" என்றாள் அவள்.

"நெசமாத்தாம்ட்டி."

"நோட்டீஸ்ல போடுங்க. நல்லா ஆள் சேரும்."

அவள் கேலிக்குச் சொன்னதை நான் நிஜமாகவே செய்தேன். முறைப்படி மூட வேண்டுமே. 'இளந்தென்றல் உண்மையாகவே மூடப்படுகிறது. இனி யாரும் சேர வேண்டாம்' என்று அடித்து ஒட்டினேன். மறுவாரம் நாற்பத்தொரு பேர் வந்து நின்றார்கள். சரித்திரத்திலேயே அதுதான் அதிகம். "சேர வேண்டாம்னு போட்டிருக்கேன்லா?" என்றால் சிரிக்கிறார்கள். ஒருத்தன் மரியாதையாகக் கேட்டான், "நுழைவுத் தேர்வு உண்டுமா சார்?" என்று. திருப்பி அனுப்பத் திருப்பி அனுப்ப, நம் நிலையத்தில் இடம் கிடைப்பது மெடிக்கல் சீட் மாதிரி என்று ஊரில் பேச்சாகிவிட்டது. மிராசுதார்கள் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒருவரையும் சேர்க்கவில்லை, சத்தியம். ஆனால் பலகையையும் கழற்றவில்லை. மாடிச் சாவியையும் ஆவுடைநாயகம் அண்ணாச்சியிடம் கொடுக்கவில்லை. தினமும் காலையில் போய்த் திறந்து, பெருக்கி, பன்னிரண்டு ஸ்டூலையும் துடைத்து வைத்துவிட்டு வந்தேன். "மூடின கடைக்கு எதுக்குத் தூத்துப் பெருக்குதிய?" என்று வடிவாம்பாள் கேட்டாள். தூசி சேரக் கூடாது என்றேன். எனக்கு மனசு வரவில்லை என்பதுதான் நிஜம். அந்த மாடியில் இருந்தால்தான் நான் முதல்வர். கீழே இறங்கினால் வடிவாம்பாள் வீட்டுக்காரர்.

புரட்டாசியில் மசூது வந்தார்.

மசூது பாய் தென்காசி–செங்கோட்டை தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வயது முப்பத்தாறு, மூன்று பெண் பிள்ளைகள். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கத்த மாட்டார், ஆனால் கடைசி சீட்டுக்குக் கேட்கும். கொஞ்சம் கரகரப்பு, அடியில் ஒரு சிரிப்பு. அவர் 'இலஞ்சீய்' என்றால் தூங்குகிறவர்களில் இலஞ்சிக்காரன் மட்டும் எழுந்துகொள்வான். மற்றவர்கள் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். பிரானூர் பார்டரை ஒரு விதமாகச் சொல்வார், செங்கோட்டையை வேறு விதமாகச் சொல்வார். அந்த பஸ்ஸில் போகும்போதெல்லாம் 'இவர் மட்டும் நம்மிடம் மூன்று மாதம் இருந்தால்' என்று எனக்கு எச்சில் ஊறும்.

"அண்ணாச்சி, என்னையும் ரேடியோவுல ஏத்தி விட்டுருங்க" என்றார்.

"மூடியாச்சு பாய்."

"அது எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். "எட்டு வருசமா ஒங்க கடைசி வகுப்பச் சுமந்துக்கிட்டு அலையுறது எங்க பஸ்ஸுதான?" பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்தார். "வேலைய விட்டுருதேன்னு எழுதிட்டேன். திங்கக்கிழமை மொதலாளி கையில குடுத்திருவேன். மூணு மாசம் முழுசா இங்கனதான். ஒங்க தேர்வுல என்னைத் தள்ளிராதிய."

கவரைப் பார்த்ததும் அவருடைய மூன்று பெண் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதே சமயம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளே ஒருத்தன் துள்ளினான். இருநூற்றுப் பதினைந்து என்றான். இந்தக் குரல் போதும், ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து ஜெயித்துக் காட்டலாம் என்றான். என் கை டேப்ரிக்கார்டரைத் துடைக்க ஆரம்பித்திருந்தது.

"ஏதாவது சொல்லுங்க பாய்" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மேலே சொருகி, "அன்பார்ந்த நேயர்களே" என்றார். என் குரல். அருவிக்கரையிலும் தேர்த்திருவிழாவிலும் கேட்டுக் கேட்டு அவருக்கும் ஒட்டியிருந்தது. பயிற்சி ஆரம்பிக்கும் முன்பே பாதிக் குற்றாலிங்கமாக வந்து நிற்கிறார். டேப்ரிக்கார்டரைத் துடைத்த துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

முதலில் பொய் சொல்லிப் பார்த்தேன். "ஒங்க குரல் சரியில்ல பாய். ரேடியோவுக்கு ஆகாது."

"அதைச் சரி பண்ணத்தான அண்ணாச்சி வந்திருக்கேன்?"

 எழுந்து போய் அலமாரிக்குள்ளிருந்து மூன்று கடிதங்களை எடுத்து வந்து அவர் கவருக்குப் பக்கத்தில் வைத்தேன். வடிவாம்பாள்கூடப் பார்த்திராத கடிதங்கள். மூன்றும் வானொலி நிலையத்திலிருந்து எனக்கு வந்தவை. மூன்று தடவை குரல் தேர்வுக்குப் போய், மூன்று தடவையும் ஆகவில்லை.

"மொதத் தடவைக்கு ஆறு மாசம் ரேடியோவையே கேட்டு, அங்க பேசுறவங்க மாதிரியே பழகினேன். ஆகல. ரெண்டாந் தடவைக்கு இன்னும் நல்லாப் பழகினேன். ஆகல. மூணாந் தடவ, இந்த மாதிரி குரல் எங்ககிட்ட ஏற்கெனவே இருக்குன்னுட்டாங்க. அந்தக் குரலத்தான் இருநூத்திப் பதினாலு பேருக்குக் குடுத்திருக்கேன். அதுல ஒருத்தரையும் எடுக்கல."

மசூது கடிதங்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை.

"அப்ப எதுக்கு அண்ணாச்சி இத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்திய?"

"என்னை அண்ணாச்சி, சார்னு கூப்பிட்டாங்க பாய். அது நல்லா இருந்துச்சு."

வேறென்ன சொல்ல? முதல் தேர்வுக்கு முன்னால் எனக்கும் சொந்தமாக ஒரு குரல் இருந்திருக்கும். அது எப்படி இருந்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். சொல்லும்போது வாய்க்கு முன்னால் மெழுகுவர்த்தி வைத்திருந்தால் அணைந்திருக்கும்.

அவர் கடிதங்களை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் கவரை எடுத்து நாலாகக் கிழித்து டிக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் வானொலி நிலையத்தின் விண்ணப்பத் தாளை எடுத்து அவருக்காக நானே பூர்த்தி செய்தேன். மாதத்தில் ஆறு நாள் வேலை, பகுதிநேர அறிவிப்பாளர். பஸ்ஸை விட வேண்டியதில்லை. "போங்க. அங்க மைக்கு முன்னால நின்னதும் அது பஸ்ஸுன்னு நெனச்சுக்கோங்க. தப்பித் தவறி எம் பேரைச் சொல்லிராதிய" என்று அனுப்பிவைத்தேன். படியிறங்கும்வரை அவரைக் கூப்பிட்டுவிடாமல் இருக்க மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் தேர்வு. மாசியில் ஒருநாள் காலை வடிவாம்பாள் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தவள், "ஏங்க!" என்று கத்தினாள். வெங்காய விலையும் வத்தல் விலையும் வந்துகொண்டிருந்தது. மசூது வாசித்தார். சங்கரன்கோவில் வத்தலை ஒரு விதமாக, பாவூர்சத்திரம் வெங்காயத்தை ஒரு விதமாக. நான் பல்தேய்க்கிற குச்சியோடு நின்று கேட்டேன். அவர் முடித்ததும் வடிவாம்பாள், "இது ஒங்க ஆளு மாதிரியே இல்லையே" என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். ஆனால் அது பாராட்டு என்று அவளுக்குத் தெரியாது.

கூத்து அதற்கப்புறம்தான். என் பேரைச் சொல்லாதீர்கள் என்று மசூதிடம் நான் சொன்னது வானொலி நிலையத்துக்கு. பஸ்ஸுக்கு அல்ல. மனுஷன் தினம் எட்டு நடை, ஒவ்வொரு நடையிலும் அறுபது பேரிடம், "எல்லாம் குற்றாலிங்கம் அண்ணாச்சி காட்டின வழிதான்" என்று சொல்லியிருக்கிறார். அதுவும் அந்தக் குரலில். யாருக்குத்தான் காதில் ஏறாது?

பங்குனி முதல் வாரம், காலையில் பெருக்கப் போனேன். மாடிப்படியில் மேலேயிருந்து கீழே தெரு வரைக்கும் ஆட்கள். முப்பது பேருக்குக் குறையாது. ஆணும் பெண்ணும், கையில் நோட்டு. சத்தம் கேட்டு ஆவுடைநாயகம் அண்ணாச்சி மண்டி வாசலில் வந்து நின்றார். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த வடிவாம்பாள் தூக்குச்சட்டியோடு அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

நான் மேல்படியில் நின்று விஷயத்தைச் சொன்னேன். "மசூது பாய்க்கு நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுத்தவங்க யாரும் தேறல. அவருக்கு மட்டுந்தான் சொல்லிக் குடுக்கல, அவரு தேறிட்டாரு."

 நாலாவது படியில் நின்ற ஒருத்தன் பணிவாகக் கேட்டான்.

"அப்ப எங்களுக்கும் சொல்லிக் குடுக்காதிய அண்ணாச்சி. எப்ப வந்து சேரணும்?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்கிறார்கள்.

அண்ணாச்சி என்ற அந்தச் சொல் இருக்கிறதே! நாலாவது படியிலிருந்து ஏறி வந்து என் காதுக்குள் உட்கார்ந்துகொண்டது. முப்பது முகமும் என்னையே பார்க்கிறது. ஸ்டூல் துடைத்துத் தயாராக இருக்கிறது. சும்மா உட்காரவைத்து ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பினால் என்ன பாவம் என்று தோன்றியது. அதுவும் இரண்டு நாளைக்குத்தான், மூன்றாம் நாள் நான் வாயைத் திறந்துவிடுவேன் என்பதும் எனக்குத் தெரியும். என்னை எனக்குத் தெரியாதா?

"சித்திரை..." என்றேன்.

முப்பது நோட்டும் விரிந்தன. கீழே வடிவாம்பாள் தலை நிமிர்ந்தது.

"சித்திரை மொதத் தேதிலேருந்து இந்த மாடில நெல்லு மூடை அடுக்கப் போறாங்க. ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்குக் குடுத்தாச்சு."

அந்த வினாடி வரைக்கும் அப்படி ஒரு ஏற்பாடு உலகத்தில் இல்லை. வாயில் வந்தது, அடித்துவிட்டேன். ஆவுடைநாயகம் அண்ணாச்சி முதலில் என்னைப் பார்த்தார், பிறகு வடிவாம்பாளைப் பார்த்தார், பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறி வந்து கையை நீட்டினார். "நெசமாவாவே? சாவியக் குடும். மழைக்கு முன்னால மராமத்துப் பாத்திரலாம்." முப்பது பேர் சாட்சி. இல்லை என்று எப்படிச் சொல்வது? இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை உடனே தன் மடியில் செருகிக்கொண்டார், நான் மனசு மாறிவிடுவேன் என்று தெரிந்தவர் மாதிரி.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே இறங்க ஆரம்பித்தது. என்மேல் இருந்த எரிச்சலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தன் மூக்கால் பேசினான். ஒருத்தி ஒவ்வொரு வார்த்தைக்கும் பாதியை விழுங்கினாள். இன்னொருத்திக்குச் செங்கோட்டைப் பக்கத்து மலையாள இழுப்பு. "ஏலே, பத்து மணி பஸ்ஸு போயிரும்லே" என்று ஒருத்தன் கட்டைக் குரலில் சொன்னான். "ஒன்னாலதாம்ட்டி விடிய எந்திரிச்சு வந்தேன்" என்று ஒருத்தி கீச்சுக் குரலில் சண்டை போட்டாள். இதைத்தான் நான் ஒன்பது வருஷம் தேய்த்துத் தேய்த்துத் துடைத்திருக்கிறேன். ஜன்னலுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். யார் யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று தெருமுனை வரைக்கும் ஒவ்வொருவராகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஆனால் போகட்டும், இந்த முப்பது பேரும் தப்பித்தார்கள்.

வடிவாம்பாள் தூக்குச்சட்டியோடு மேலே வந்தாள்.

"தெருவுல அப்பிடி என்னத்தப் பாக்குதிய?"

"பாக்கல. கேக்குதேன்" என்றேன்.